பாலை நிறுத்துவதற்கு முன்னால்

நேயர்களுக்கு வணக்கம்.

"எனக்குப் பால் ஒத்துக்காது" என்று சொல்கிற ஒருவர் அநேகமாக எல்லா வீட்டிலும் இருப்பார். காலையில் காபி குடித்த அரைமணி நேரத்தில் வயிறு கடமுடா என்று உருளும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மறுபடி கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும். சிலருக்கு இரவில் ஒரு டம்ளர் பால் குடித்துப் படுத்தால் வயிறு உப்பிக்கொண்டு தூக்கம் வராது. இதை வாயு, சூடு என்று சொல்லியே வருடக்கணக்கில் ஓட்டிவிடுகிறவர்கள் உண்டு. காரணம் தெரிந்த அன்றே பால், தயிர், மோர், நெய் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. இரண்டு பேரிடமும்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பாலில் ஒரு சர்க்கரை இருக்கிறது. லாக்டோஸ் என்று பெயர். நாம் போடுகிற சீனி வேறு, இது பாலிலேயே இருப்பது. 100 மில்லி பசும்பாலில் கிட்டத்தட்ட 5 கிராம், ஆகவே 200 மில்லி டம்ளரில் 10 கிராம். இது அப்படியே உடம்பில் சேராது. சிறுகுடலின் உள்சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இதை இரண்டாக உடைத்துக் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையாக இருக்கும்போது அநேகமாக எல்லோருக்கும் இந்த நொதி தாராளமாகச் சுரக்கும். தாய்ப்பாலில் இந்தச் சர்க்கரை இன்னும் அதிகம், 100 மில்லிக்கு 7 கிராம். பால்குடி மறந்தபின் உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிடும். உடம்பின் இயல்பே அதுதான், இதை நோய் என்று நினைக்க வேண்டாம். 1981இல் வெளியான ஓர் ஆய்வில், டில்லியில் சோதித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. திருவனந்தபுரத்திலும் புதுச்சேரியிலும் சோதித்தவர்களில் மூன்றில் இருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்தில் இது அவ்வளவு சகஜம்.

உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. போகும்போதே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, அதனால் பேதி. அங்கே இருக்கும் கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன, அதனால் வாயு, உப்புசம், முறுக்கு வலி. பெரும்பாலும் அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

பால் அலர்ஜி என்பது வேறு. தயவுசெய்து இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பால் பட்டதும் தோலில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, அடுக்கடுக்காக வாந்தி என்று வந்தால் அது பாலின் புரதத்தை உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிர்ப்பது. அவர்களுக்கு ஒரு சொட்டும் ஆபத்தாகலாம். அவர்கள் மருத்துவரிடம் போக வேண்டும், நான் இனிச் சொல்லப்போகும் எதையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. இப்போது நாம் பேசுவது ஒத்துக்கொள்ளாமையைப் பற்றி மட்டும். இதில் உயிருக்கு ஆபத்தில்லை. இங்கே எல்லாமே அளவைப் பொறுத்த விஷயம்.

அளவு என்கிற வார்த்தையை இன்று பல தடவை சொல்லப்போகிறேன். நொதி குறைந்தவர்களிலும் பலருக்கு ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொந்தரவு வருவதில்லை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்தால். வெறும் வயிற்றில் மடமடவென்று குடிக்கும் 10 கிராம் படுத்தும். இட்லிக்குப் பிறகு குடிக்கும் அதே 10 கிராம் அநேகமாகச் சும்மா இருக்கும். உணவோடு போகும்போது வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குகிறது, இருக்கிற கொஞ்ச நொதிக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது.

முதலில் பால்தான் காரணமா என்று பாருங்கள். காபியே சிலருக்குக் குடலைத் தூண்டும். மூன்று நாள் பால் விடாத காபி குடித்துப் பாருங்கள். அப்போதும் ஓட வேண்டியிருந்தால் பாலைக் குற்றம் சொல்லாதீர்கள். பால்தான் என்று தோன்றினால் இரண்டு வாரம் பால், பால்கோவா, ஐஸ்கிரீம், பால் பவுடர் கலந்த சத்துமாவு எதுவும் வேண்டாம். ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு எப்படி என்று எழுதுங்கள். வயிறு அடங்கியபின், காலை உணவோடு 100 மில்லி பால். மூன்று நாள் அதே அளவு. தொந்தரவில்லை என்றால் 150, பிறகு 200. எந்த இடத்தில் வயிறு பேச ஆரம்பிக்கிறதோ அதற்கு முந்தைய அளவுதான் உங்கள் அளவு. மருத்துவமனையில் மூச்சுக்காற்றில் ஹைட்ரஜனை அளக்கும் சோதனையும் உண்டு. லாக்டோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லி, மூன்று மணி நேரம் விட்டு விட்டு ஊதச் சொல்வார்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

பாலைக் காய்ச்சினால் லாக்டோஸ் போகாது. ஆடை எடுத்தாலும் போகாது. நாட்டு மாட்டுப் பால் என்று விற்கிற ஏ2 பாலிலும் ஆட்டுப்பாலிலும் லாக்டோஸ் உண்டு. சுண்டக் காய்ச்சினால் தண்ணீர்தான் போகும், சர்க்கரை அங்கேயே நிற்கும். ஒரு லிட்டர் பாலின் லாக்டோஸ் முழுவதும் ஒரு கிண்ணம் பால்கோவாவில் உட்கார்ந்திருக்கும். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். நெய்யை ஏன் நிறுத்துகிறார்கள் என்று எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இனி தயிர். இதைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அரை லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உறை ஊற்றுகிறோம். உறையிலுள்ள பாக்டீரியா லாக்டோஸைத் தின்று புளிப்பாக மாற்றுகிறது. நன்றாகத் தோய்ந்த தயிரில் ஏறத்தாழ கால் பங்கு லாக்டோஸ் குறைந்திருக்கும். புளிக்கப் புளிக்க இன்னும் குறையும். அதோடு, அந்த பாக்டீரியாவிடம் லாக்டோஸை உடைக்கும் நொதி இருக்கிறது. அது இரைப்பையைத் தாண்டி சிறுகுடலுக்கு வந்து, மிச்ச லாக்டோஸையும் நமக்காக உடைக்கிறது. அதனால்தான் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்கிறது. கால் டம்ளர் தயிரில் முக்கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் லாக்டோஸ் சுமார் 2 கிராம்தான். மோரை நிறுத்தாதீர்கள்.

ஆனால் பாக்டீரியா உயிரோடு இருந்தால்தான் இந்த உதவி. மோர்க்குழம்பு கொதித்தால் அது செத்துவிடும். மாதக்கணக்கில் கெடாத அட்டைப்பெட்டி மோரும் சூடாக்கப்பட்டதுதான்.

டிபன் பாக்ஸ் தயிர்சாதத்தையும் சொல்லியாக வேண்டும். மதியத்துக்குள் புளித்துவிடக் கூடாது என்று, குழைந்த சாதத்தில் ஒரு டம்ளர் பாலை ஊற்றி, ஒரே ஒரு ஸ்பூன் தயிர் சேர்த்துப் பிசைந்து கட்டிக்கொடுக்கிறோம். காலை ஏழு மணிக்கு அது பால்சாதம்தான். ஒரு மணிக்குப் பாதி தோய்ந்திருக்கும். பத்தரை மணிக்கே திறந்து சாப்பிடுகிறவருக்கு ஒரு டம்ளர் பால் குடித்த கணக்கு. கல்யாண வீட்டுப் பகாளாபாத்திலும் பால் சேரும். "தயிர்சாதம்கூட ஒத்துக்கலை" என்று சொல்கிறவர்கள், அதில் எத்தனை பங்கு பால் என்று பிசைந்தவரிடம் முதலில் கேளுங்கள். வீட்டிலேயே முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்து ஒரு நாள் சாப்பிட்டுப் பாருங்கள்.

நேரம் முடியப்போகிறது என்று கை காட்டுகிறார்கள். குழந்தைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு வரியில் சொல்கிறேன். கடும் பேதிக்குப் பிறகு குழந்தைக்குச் சில வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். குடல் ஆறியதும் சரியாகிவிடும். தாய்ப்பாலை மட்டும் எக்காரணத்துக்கும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பாலைக் குறைக்கிறவர்கள் சுண்ணாம்புச் சத்துக்கு: கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது, ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் உடம்பில் நன்றாகச் சேரும். முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி இவையும் நல்லது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் தேவை. லாக்டோஸ் நீக்கிய பால் என்று, லாக்டோஸை நொதியால் முன்பே உடைத்துவைத்த பாலும் கடையில் கிடைக்கிறது, உடைந்த சர்க்கரை என்பதால் கொஞ்சம் தித்திப்பாக இருக்கும், சீனியைக் குறைத்துக்கொள்ளுங்கள். லாக்டேஸ் மாத்திரை வாங்குகிறவர்கள் அதை முதல் வாய்ப் பாலோடு போட வேண்டும், வயிறு உப்பியபின் போட்டால் பயனில்லை. நன்றி, வணக்கம்.