குண்டம்மா குறி தவறுவது க்யூட் இல்லை மக்களே!

வணக்கம் மக்களே. இன்றைக்குத் தொட்டியைச் சுற்றிக் காட்டுவதெல்லாம் கிடையாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன். போன வீடியோவில் நான் வளர்க்கிற லெப்பர்ட் கெக்கோ, அதாவது ஒரு வகைப் பல்லி, நம்ம குண்டம்மா, புழுவைப் பிடிக்கப் பாய்ந்து வெறும் தரையைக் கவ்வினாளே, அதற்குக் கீழே கமெண்ட் முழுக்க ஒரே சிரிப்பு. "சோ க்யூட்", "சோம்பேறி", "பாட்டிக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்". இதில் அந்தக் கண்ணாடிக்காரர் ஒருவர்தான் விளையாட்டாகவாவது உண்மைக்குப் பக்கத்தில் வந்தார்.

லெப்பர்ட் கெக்கோ கண்ணை நம்பி வேட்டையாடுகிற ஜீவன். எப்போதாவது ஒரு தடவை குறி தவறும், அது சகஜம், புழுவும் சும்மா கிடக்காது. ஆனால் திரும்பத் திரும்பத் தவறுகிறது, அதுவும் ஒரே பக்கத்தில் தவறுகிறது என்றால் முதலில் கண்ணைத்தான் சந்தேகப்பட வேண்டும். "சாப்பிடுகிறாள்தானே, அப்புறம் என்ன" என்று கேட்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. கிண்ணத்தில் புழுவைப் போட்டால் பார்வையே இல்லாத கெக்கோவும் சாப்பிடும், நாக்கால் தொட்டு, வாசனை பிடித்து, அசைவை உணர்ந்து கண்டுபிடித்துவிடும். கிண்ணத்தில் மட்டும் தீனி வைக்கிற வீடுகளில் ஒரு கண் போனதே பல நாள் தெரியாமல் இருக்க இதுதான் காரணம்.

அதனால் நான் செய்தது இது. இடுக்கியில் புழுவைப் பிடித்து ஒரு முறை வலது பக்கமாக, ஒரு முறை இடது பக்கமாக நீட்டி, போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தேன். வலது பக்கம் வந்தால் தலையைத் திருப்புகிறாள், வால் நுனி துடிக்கிறது, ஒரே பாய்ச்சல், முடிந்தது. இடது பக்கம் வந்தால் எதுவுமே இல்லை. புழு தாடையில் உரசிய பிறகுதான் திடுக்கிட்டு எங்கேயோ கடிக்கிறாள். இயல்பான வேகத்தில் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடவே இல்லை. ஸ்லோ மோஷனில் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்துவிட்டது. இருங்கள், ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இடுக்கி முனை ஒன்றோடொன்று தட்டி 'டிக்' என்று சத்தம் வந்தால் அந்தச் சத்தத்துக்கே திரும்பிவிடுவாள், சோதனையே வீண். முனையில் ரப்பர் இருக்கிற இடுக்கிதான் சரி. அதே காரணத்துக்காகத்தான் தொட்டிக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து விரலை ஆட்டியும் பார்த்தேன், காற்றும் வாசனையும் உள்ளே போகாதே.

டார்ச் சோதனையும் உண்டு. அறையை மங்கலாக்கிவிட்டு, பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக ஒரு நொடி மெல்லிய வெளிச்சம் காட்டினால் கண்ணின் நடுவிலுள்ள பாப்பா செங்குத்தான கோடாகச் சுருங்க வேண்டும், இரண்டு கண்ணிலும். ஒன்று சுருங்கி மற்றது விரிந்தே நின்றால் டாக்டரிடம் போங்கள். லேசர் வேண்டவே வேண்டாம், அதைக் கண்ணில் அடிக்கிறவர்களிடம் பேசவே மாட்டேன். லெப்பர்ட் கெக்கோவில் எக்லிப்ஸ் என்கிற வகை வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது, முழுக் கண்ணும் கறுப்பு, பாப்பா எங்கே என்றே தெரியாது. அல்பினோ வகை வெளிச்சத்தில் கண்ணை இடுக்குவதும் வழக்கம்தான். கெக்கோ கண் என்றால் லேசுப்பட்டதா? ஹெல்மெட் கெக்கோ என்கிற இன்னொரு இனத்தை வைத்துச் செய்து 2004-ல் வெளிவந்த ஆய்வில், மங்கிய நிலா வெளிச்சத்திலும் அது நிறத்தைப் பிரித்தறிந்தது. அந்த வெளிச்சத்தில் நமக்கு எல்லாமே சாம்பல்தான். அப்படிப்பட்ட கண்ணில் போய் டார்ச்சை நேராக அடிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் பதறவும் வேண்டாம். லெப்பர்ட் கெக்கோவுக்கு இமை உண்டு, பகலில் கண் மூடித் தூங்கும். சட்டை உரிக்கும் நேரத்தில் உடம்பு வெளுக்கும், தீனியைத் திரும்பிப் பார்க்காது, அதுவும் இயல்பு. உரித்து முடித்த பிறகும் ஒரு கண் மூடியே இருக்கிறதா, முகத்தைக் கல்லில் தேய்க்கிறதா, நீர் வடிகிறதா, வீங்குகிறதா, பழகின பொருளிலேயே முட்டுகிறதா, அதைப் பாருங்கள். க்ரெஸ்டட் கெக்கோ வைத்திருப்பவர்களே, உங்கள் ஆளுக்கு இமையே கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைக்கும். அது ஒரு கண்ணையே சதா நக்கிக்கொண்டிருந்தால் கவனியுங்கள்.

சரி, குண்டம்மா. ஊர்வன பார்க்கும் டாக்டரிடம் போனோம். ஒரு சொட்டுச் சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தார், கருவிழியில் புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக மின்னும். மின்னவில்லை, அப்பாடா. அப்புறம் உப்புநீர் விட்டு இமையை நனைத்து, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தார் பாருங்கள். சுருண்டு காய்ந்த பழைய சட்டை, நகம் வெட்டின துண்டு மாதிரி! அது அங்கேயே கிடந்தால் கருவிழியை உரசிப் புண்ணாக்கும். இதை வீட்டில் ட்வீசரால் நோண்டாதீர்கள், தயவுசெய்து.

ஏன் சிக்கியது? ஈரப்பதம் போதவில்லை. ஏன் போதவில்லை? அந்தப் பாழாய்ப்போன டயல் மீட்டர்! தொட்டிச் சுவரில் ஒட்டுகிற அந்த வட்ட சமாச்சாரம் எப்போது பார்த்தாலும் 60 காட்டியது. வெளியே எடுத்து வைத்தேன், 60. அரிசி டப்பாவுக்குள் போட்டேன், 60. குலுக்கினால் கொஞ்சம் யோசிக்கிறது, மறுபடி 60. முள் ஆணியடித்த மாதிரி நிற்கிறது, இதை அளவுக்கருவி என்று விற்கிறார்கள்! டிஜிட்டல் மீட்டரை வைத்ததும் உண்மை நிலவரம் தெரிந்தது, தொட்டி வறண்டு கிடக்கிறது. இப்போது ஈரப் பாசி போட்ட பொந்து ஒன்று நிரந்தரமாக உள்ளே இருக்கிறது. மொத்தத் தொட்டியையும் ஈரமாக்க வேண்டாம், அந்த ஒரு பொந்து போதும்.

வைட்டமின் ஏ பற்றிக் கேட்டார் டாக்டர். அது குறைந்தாலும் இமைக்குள் சட்டையும் கசடும் சேரும். ஆனால் கூடினால் நச்சு, அதனால் பொடியை அள்ளித் தூவ வேண்டாம், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் எனிக்மா வகை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருந்தார், தலை சாய்கிறது, ஒரே இடத்தில் வட்டமடிக்கிறது, புழுவைத் தவறவிடுகிறது, கண்ணா என்று. அந்த வகைக்கு நரம்புக் கோளாறு பரம்பரையாகவே வருகிறது, கண் நன்றாக இருந்தும் குறி தவறும். டாக்டரிடம் அதையும் சொல்லிக் காட்டுங்கள்.

இப்போது, அந்தச் சட்டையை எடுத்த பிறகு எடுத்த இந்தக் கிளிப்பைப் பாருங்கள், இடது பக்கம், இடது பக்கம்... லபக்! மறுபடி போடுகிறேன். லபக்! இதை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

ஐயோ, முக்கியமானது. வீட்டில் கிடக்கும் உங்கள் கண் சொட்டு மருந்தை விடவே கூடாது. சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், கருவிழியில் புண் இருந்தால் அதை மோசமாக்கும். டாக்டர் கொடுக்கிற மருந்தை விடும்போது மூக்குக்கு எதிரே பாட்டிலை நீட்டினால் பாய்ந்து கடிப்பாள், பின்பக்கமாக மேலிருந்து ஒரு சொட்டு, அவ்வளவுதான். மிச்சக் கேள்விகளைக் கீழே போடுங்கள், நான் இவளை எடை பார்க்க வேண்டும், தராசுத் தட்டைக் கண்டாலே ஓடுகிறாள்.