மணி எந்தக் கட்சி?

நடுவர் அவர்களே, ஏற்காட்டுக் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம். 'வளர்ப்புப் பிராணிகளுக்குக் கொள்கை எழுதிய சட்டை போடுவது கருத்துரிமையா, அத்துமீறலா' என்பது தலைப்பு. அத்துமீறல்தான். எங்கள் வீட்டிலேயே நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு சேலம் அஸ்தம்பட்டியில். மணி என்று ஒரு நாய், ராஜபாளையம் கலப்பு. போன தேர்தல் சமயத்தில் என் தம்பி அவன் கட்சிக் கலரில் அதற்கு ஒரு பனியன் தைத்து, முதுகில் ஒரு கோஷத்தையும் அச்சடித்து மாட்டிவிட்டான். தெருவே ரசித்தது, நானும் போட்டோ எடுத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல முனை டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரர் மூன்று வருஷமாக மணிக்குத் தினமும் ஒரு பொறை போடுகிறவர். அன்றைக்குப் பொறையைக் கையில் எடுத்தவர் பனியனைப் படித்தார். "ஓ, நீ அந்தக் கூட்டமா? போய் அவங்ககிட்டயே வாங்கித் தின்னு" என்று பொறையைத் திரும்ப பாட்டிலுக்குள் போட்டு மூடிவிட்டார். மணி பாட்டிலைப் பார்க்கிறது, அவர் முகத்தைப் பார்க்கிறது, என்னைப் பார்க்கிறது, வால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

எனக்கு முன்னால் எதிரணியில் பேசிய தம்பி, அரசியல் சட்டத்தின் 19வது பிரிவு தந்த பேச்சுரிமை இது என்றார். சரி தம்பி, அந்தப் பிரிவு குடிமக்களுக்குத் தந்த உரிமை, உங்கள் வாய்க்கும் உங்கள் சட்டைக்கும் தந்தது. அதே சட்டத்தில் 51ஏ பிரிவு உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்கிறதே, அதை ஏன் படிக்காமல் விட்டீர்கள்? தேர்தல் ஆணையமும் பிரச்சாரத்துக்கு விலங்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சின்னத்தைக் காட்டுகிறோம் என்று உயிருள்ள பிராணிகளை ஊர்வலத்தில் இழுத்துக்கொண்டு போய் வதைத்ததால்தான், விலங்குப் படங்களைப் புதிதாகச் சின்னமாக ஒதுக்குவதையே நிறுத்தினார்கள்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் கட்சிக் கலர் அடிக்கவில்லையா என்று கேட்டு அந்த எதிரணித் தம்பி கைத்தட்டலும் வாங்கினார். அடித்தோம், எங்கள் தாத்தாவும் அடித்தவர்தான். அன்றைக்கு மாட்டைக் குளிப்பாட்டி, பொங்கல் ஊட்டி, ஏர் பூட்டாமல் விடுகிறோம், அது மாட்டுக்கான நாள், அது வரைக்கும் நல்லது. கட்சிக் கலர் மட்டும் நமக்காக அடித்தது, அதுவும் தப்புதான் என்பேன். காலகாலமாகச் செய்கிறோம் என்பதற்காகச் சரியாகிவிடாது.

இங்கே 1,500 மீட்டர் உயரத்தில், கோடை விழா நாய்க் கண்காட்சியில் ஒரு நாய்க்குச் சட்டை போட்டுப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பாருங்கள், மே மாதச் சேலத்தில் 40 டிகிரியைத் தொடுகிற வெயில். நாய்க்கு நம்மைப் போல உடம்பு முழுக்க வியர்க்காது, பாதத்தில்தான் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதன் மேல் பாலியஸ்டர் பனியன்! இரண்டாம் நாள் இரவு கழற்றியபோது மணியின் முன்னங்கால் இடுக்கில் எலாஸ்டிக் அறுத்துத் தோல் சிவந்து முடி கொட்டியிருந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத் தடவினேன், தொட்டதும் காலை இழுத்துக்கொண்டது.

அதைவிட எனக்குப் பெரிய விஷயம் இன்னொன்று. நாய்க்கு என்று ஒரு பேச்சு இருக்கிறது நடுவர் அவர்களே. பயந்தாலும் கோபம் வந்தாலும் கழுத்திலிருந்து வால் வரைக்கும் முதுகு முடி சிலிர்த்து நிற்கும், எதிரில் வருகிற நாய் தூரத்திலேயே அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும், சண்டை வராது. நாம் சட்டை போடுவது சரியாக அந்த முதுகின் மேல். அது பேசுகிற இடத்தை மூடிவிட்டு, அதற்கு ஒரு எழுத்துகூடத் தெரியாத நம் கோஷத்தை ஒட்டுகிறோம். இதற்குப் பெயர் கருத்துரிமையா?

எல்லாத் துணியும் கூடாது என்று நான் சொல்லவில்லை. மழைக்கோட்டு போடுங்கள், இரவில் லாரி வருகிற ரோட்டில் மின்னுகிற பட்டை கட்டுங்கள். 'எனக்குக் காது கேட்காது', 'என்னைத் தத்தெடுங்கள்' என்று எழுதுகிறீர்களா, தாராளமாக எழுதுங்கள், அது அந்த நாயைப் பற்றிய செய்தி, அதற்கு உதவுகிற செய்தி. உங்கள் கட்சி, உங்கள் சாதிச் சங்கம், உங்கள் கோபம், இதையெல்லாம் எழுதி அதைத் தெருவில் விட்டால், எதிர்க்கருத்துக்காரன் எறிகிற கல் அதன் மேல்தானே விழும்?

மணியின் அந்தப் புண்ணைக் காட்டியதும் என் தம்பி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அதே கோஷத்தைத் தன் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு அதே டீக்கடைக்குப் போனான். அவனும் கடைக்காரரும் அரை மணி நேரம் சத்தம் போட்டு வாக்குவாதம் செய்தார்கள், இரண்டு பேரும் இன்று வரை மாறவில்லை. வெறும் முதுகோடு பக்கத்தில் நின்ற மணிக்கு, பேச்சை நிறுத்தாமலே கடைக்காரர் பாட்டிலைத் திறந்து பொறையை எடுத்துப் போட்டார்.

நன்றி, வணக்கம்.