சிடி ஸ்கேனில் ‘கால்சிஃபைடு கிரானுலோமா’ என்று வந்தால் பயப்பட வேண்டுமா?

அடுத்த கேள்வி மேலூரிலிருந்து ஒரு சகோதரி. அப்பாவுக்கு 58 வயது, ஒத்தக்கடை பக்கம் பைக் வழுக்கி விழுந்திருக்கிறார், தலையில் அடியோ என்று சிடி எடுத்ததில் ரத்தக்கசிவு எதுவும் இல்லை, ஆனால் வலது பக்கம் 4 மில்லிமீட்டரில் ‘கால்சிஃபைடு கிரானுலோமா’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இது கட்டியா, எம்ஆர்ஐ எடுக்கணுமா, பூச்சி என்கிறார்களே, நாங்கள் சுத்த சைவம், எப்படி வந்தது என்று கேட்கிறார்.

அம்மா, ரிப்போர்ட்டில் இருக்கிறபடி பார்த்தால் இது புற்றுநோய்க் கட்டி கிடையாது. எப்போதோ மூளைக்குப் போன ஒரு பூச்சியோ கிருமியோ செத்து, அந்த இடத்தில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிப்போன தழும்பு. நம் நாட்டில் இது பெரும்பாலும் நாடாப்புழுவின் வேலை, சிலருக்குப் பழைய டிபி. முன்பெல்லாம் வலிப்போடு வருகிறவருக்கு ஸ்கேனில் சின்னப் புள்ளி தெரிந்தாலே டிபி என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை கொடுப்பார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அந்தப் புள்ளிகளை அறுவை செய்து எடுத்துப் பரிசோதித்து, பல பேருக்கு அது நாடாப்புழுவின் இளம்புழுதான் என்று 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள்.

சைவம் சாப்பிடுகிறவருக்கு எப்படி என்றால், சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவருக்குக் குடலில்தான் நாடாப்புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியே வரும் முட்டை, தண்ணீர் வழியாகவோ கழுவாத கை வழியாகவோ பச்சையாகத் தின்னும் கேரட், மல்லித்தழை வழியாகவோ யார் வயிற்றுக்குப் போனாலும் அங்கே பொரிந்து, வெளிவரும் இளம்புழு ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போய்விடலாம். கறியே தொடாதவருக்கும் வரும், அதனால் வீட்டில் யார் என்ன தின்றார்கள் என்று விசாரணை வைக்காதீர்கள். அப்பா தலையில் இருப்பது உங்களுக்கு ஒட்டவும் ஒட்டாது.

இப்போது முக்கியமானது: அப்பாவுக்கு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? கை மட்டும் வெட்டி இழுப்பது, கொஞ்ச நேரம் நினைவில்லாமல் வெறித்துப் பார்ப்பது, இதெல்லாமும் வலிப்புதான். அன்றைக்கு பைக்கில் விழுந்ததே வழுக்கியா, இல்லை நினைவு தப்பியா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஏனென்றால் இந்தத் தழும்பு சிலருக்கு வலிப்பைக் கிளப்பும். அப்படி ஏதும் இருந்தால் பைக்கைத் தொடவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், மதுரைப் பெரியாஸ்பத்திரியிலேயே பார்க்கிறார்கள். எதுவுமே இல்லை, ரிப்போர்ட்டிலும் சுற்றி வீக்கம் இல்லை என்றுதான் இருக்கிறது என்றால் பொதுவாக மருந்தே தேவைப்படாது.

மெடிக்கலில் பூச்சி மாத்திரை, அதான் ஆல்பெண்டசோல், வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். செத்த பூச்சியை அது என்ன செய்யும்? வேறெங்காவது உயிரோடு ஒன்று இருந்தால் அது சாகும்போது மூளை வீங்கி, இல்லாத வலிப்பு வரலாம்.

எம்ஆர்ஐ? சுண்ணாம்பு சிடியில்தான் பளிச்சென்று தெரியும், சாதாரண எம்ஆர்ஐயில் சில சமயம் கண்ணுக்கே படாது. வலிப்போ, விடாத தலைவலியோ, கைகால் பலவீனமோ இருந்தால் மருத்துவர் எழுதுவார், அப்போது எடுங்கள். இந்த சிடி ஃபிலிமை மட்டும் பத்திரமாக வையுங்கள், பின்னால் எப்போதாவது ஸ்கேன் எடுத்தால் இது பழையதுதானா என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். சரி, அடுத்த கேள்வி.