பார்சலிலிருந்து புதுவரவுத் தட்டு வரை

நேயர்களுக்கு வணக்கம்.

"புதுப் புத்தகம் வந்துவிட்டதாமே, ஏன் இன்னும் தட்டில் வைக்கவில்லை?" பொது நூலகங்களில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். பார்சலைப் பிரிக்கும் மேசையில் அவசரப்பட்டால் அந்தத் தவறு புத்தகத்தோடு வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டுவிடும். தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

பிரித்த கையோடு ரப்பர் ஸ்டாம்பை எடுக்கக் கூடாது. முதலில் ஆர்டரையும் பில்லையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகத்தின் ஐஎஸ்பிஎன் எண்ணையும், அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணையும், ஒப்பிட வேண்டும். தலைப்பைப் பார்த்து டிக் அடிப்பது போதாது. கெட்டி அட்டைக்கு ஓர் எண், சாதா அட்டைக்கு வேறோர் எண். திருத்திய பதிப்பு என்றால் புது எண், வெறும் மறுஅச்சு என்றால் பழைய எண்ணே. சட்டம், வரி, கணினி நூல்களில்தான் இதன் அருமை தெரியும். கேட்டது திருத்திய பதிப்பாக இருக்கும், வந்திருப்பது கிடங்கில் தேங்கிக் கிடந்த பழைய பதிப்பாக இருக்கும். 2007 முதல் இந்த எண்ணுக்கு 13 இலக்கங்கள். இரண்டாவது, நான்காவது என்று இரட்டை இடத்து இலக்கங்களை 3ஆல் பெருக்கி, மற்றவற்றை அப்படியே சேர்த்துக் கூட்டினால் விடை பூஜ்யத்தில் முடிய வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் மென்பொருளாக இருந்தால், ஓர் இலக்கத்தைத் தவறாகத் தட்டினாலும் அங்கேயே பிடித்துவிடும்.

அடுத்தது பக்கச் சோதனை. ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதிக்குப் பாரம் என்று பெயர். புத்தகம் 16 பக்கப் பாரங்களாக அச்சானது என்றால் 1, 17, 33, 49 என்று பாரம் மாறும் இடங்களைப் புரட்டினாலே போதும். 320 பக்க நாவலில் மொத்தம் 20 பாரம், ஓரிரு நிமிட வேலை. ஒரே பாரம் இரண்டு முறை வந்து அடுத்தது விடுபட்டிருக்கும். சிலவற்றில் ஒரு பாரம் தலைகீழாகத் தைக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தாளின் ஒரு பக்கம் அச்சே விழாமல் வெறுமையாக இருக்கும். இதை முத்திரைக்கு முன்பே பார்க்க வேண்டும், முத்திரை விழுந்த புத்தகத்தைக் கடைக்காரர் பொதுவாகத் திரும்ப வாங்கமாட்டார். துப்பறியும் நாவலில் கடைசிப் பாரம் இல்லாவிட்டால் வாசகர் என்ன சொல்வார் என்பதை வானொலியில் சொல்ல முடியாது.

பசையால் மட்டும் ஒட்டிய கட்டுமானம் என்றால் திறக்கும் முறையிலும் கவனம் தேவை. புத்தகத்தின் முதுகு மேசையில் படும்படி நிறுத்தி, முன் அட்டையைச் சாய்க்க வேண்டும், பிறகு பின் அட்டை. அதன்பின் முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று முதுகோரம் மெல்ல நீவிக்கொண்டே நடுப்பகுதிக்கு வர வேண்டும். எடுத்த எடுப்பில் நடுவில் விரித்து அமுக்கினால் பசை அங்கே விரிசல் விடும், நாளடைவில் அந்த இடத்திலிருந்துதான் தாள்கள் கழன்று வரும்.

இனி பகுப்பு எண், அதாவது நூல் எந்தப் பொருளைப் பற்றியது என்று காட்டும் எண். இங்கேதான் கதை, நாவல் என்ற புனைவும், மற்ற அறிவு நூல்களான அபுனைவும் பிரிகின்றன. 1876இல் வெளிவந்த டியூயி தசமப் பகுப்பு, அறிவுத்துறைகளை 000 முதல் 999 வரை அடுக்குகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கான சமையல் நூல் ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நோயைப் பார்த்தால் 616.462, சமையலைப் பார்த்தால் 641.5631. புத்தகத்தில் பெரும்பகுதி செய்முறைக் குறிப்பு என்றால் சமையல் எண்தான் பொருந்தும். ஆனால் அதற்கும் முன்னால், இதே மாதிரி நூலுக்கு நம் நூலகத்தில் ஏற்கெனவே என்ன எண் கொடுத்திருக்கிறோம் என்று பட்டியலில் பார்ப்பது நல்லது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று பிரிந்தால், ஒன்றைக் கண்டெடுத்த வாசகர் பக்கத்தில் வேறு இல்லை என்று நினைத்துப் போய்விடுவார். என்னைக் கேட்டால், நுணுக்கமான எண்ணைவிட ஒரே சீரான எண்ணே மேல்.

நாவலுக்கு எண் சுலபம். தமிழ்ப் புனைகதைக்கு 894.8113. ஆனால் பல பொது நூலகங்கள் எண்ணை விட்டுவிட்டு ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்குகின்றன. சிக்கல் அந்தப் பெயரில்தான். அட்டையில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், அடுத்த புத்தகத்தில் தலைப்பெழுத்து இல்லாமல், மூன்றாவதில் புனைபெயர். மூன்றையும் அட்டையில் உள்ளபடி ஏற்றினால் ஒரே ஆள் மூன்று தட்டில் உட்காருவார். ஒரு வடிவத்தை முடிவு செய்து, மற்றவற்றிலிருந்து "இந்தப் பெயரில் பார்க்க" என்று பட்டியலில் வழிகாட்ட வேண்டும். தலைப்பெழுத்தை வரிசைக்குக் கணக்கில் எடுப்பதா, பெயருக்குப் பின்னால் தள்ளுவதா என்பதும் எழுதி வைத்த விதியாக இருக்கட்டும், ஆளுக்கு ஆள் மாறக் கூடாது.

புத்தகம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் முதுகுச் சீட்டைக் கீழ் விளிம்பிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் உயரத்தில், எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே மட்டத்தில் ஒட்ட வேண்டும். முதுகு மெலிந்த கவிதைத் தொகுப்புகளுக்கு முன்னட்டையின் கீழ் மூலை. சீட்டின் மேல் சாதாரண செல்லோடேப் வேண்டவே வேண்டாம், மஞ்சளாகி உரிந்து சீட்டையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

பரபரப்பான புது நாவலுக்கு எத்தனை பிரதி? ஒரு கணக்குப் போடுவோம். இரவல் 14 நாள், முன்பதிவு செய்தவர் வந்து எடுத்துப்போக 3 நாள், ஆக ஒரு சுற்று 17 நாள். ஆறு பேர் காத்திருக்க ஒரே பிரதிதான் இருந்தால் ஆறாவது ஆளுக்கு 85ஆம் நாள்தான் கிடைக்கும். இரண்டு பிரதி இருந்தால் 34ஆம் நாள். காத்திருப்போர் இருக்கும்போது புதுப்பித்தலை அனுமதித்தால் இந்தக் கணக்கு எல்லாம் வீண். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது, நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அதை அளந்து பார்க்க முன்பதிவு வரிசையைவிட நல்ல இடம் இல்லை.

புதுவரவுத் தட்டில் நாவல் தானாகவே போய்விடும். அபுனைவு அப்படியில்லை, முதுகை மட்டும் காட்டி நின்றால் யார் கண்ணிலும் படாது. ஆகவே இடம் குறைவு என்றால் நாவல்களை நெருக்கி நிறுத்திவிட்டு, அபுனைவுக்கு முகப்பு தெரிகிற இடத்தைக் கொடுங்கள். எத்தனை மாதம் அங்கே இருக்கலாம் என்பதையும் முடிவு செய்து, வந்த மாதத்துக்கு ஒரு நிறம் என்று முதுகில் சிறு பொட்டு ஒட்டிவிட்டால் எதை எடுப்பது என்று பார்த்ததும் தெரியும். எடுத்து உள்தட்டுக்கு மாற்றும் அன்றே கணினிப் பட்டியலில் இருப்பிடத்தையும் மாற்றிவிட வேண்டும். அதை மறந்தால் பட்டியல் "புதுவரவு" என்றே காட்டிக்கொண்டிருக்கும், வாசகர் அந்தத் தட்டைத் துழாவிவிட்டு யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று திரும்பிவிடுவார், புத்தகமோ உள்ளேதான் இருக்கும்.

வணக்கம்.