கண்ணப்பர் கதையும் என் அப்பாவின் கண்களும்

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும், கண்தான இருவார நிகழ்ச்சியை நடத்தும் இக்கல்லூரி மாணவர்களுக்கும் என் வணக்கம். என்னை இந்த மேடைக்கு அழைத்தவர்கள் என்னைப் பற்றிச் சரியாக விசாரிக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வரை கண்தானத்தைக் கடுமையாக எதிர்த்துப் பேசியவன் நான்.

தமிழாசிரியராக இருந்த காலத்திலிருந்தே ஊர்க்கோயில்களில் பெரியபுராணம் சொல்லி வருகிறேன். கண்ணப்பராகிய திண்ணனார் தம் வலக்கண்ணை அம்பினால் அகழ்ந்து, குருதி வழிந்த காளத்தியப்பரின் கண்ணில் அப்பியதையும், மறுகண்ணிலும் குருதி வரக் கண்டு, அடையாளத்துக்காக அங்கே தம் காலை ஊன்றிக்கொண்டு அம்பை மீண்டும் எடுத்ததையும் நான் சொல்லும்போது, கூட்டத்தில் விசும்பல் கேட்கும். அப்படிச் சொல்லிவிட்டு வந்த ஒரு வாரத்தில்தான், கண்தானப் படிவத்தோடு வந்த எதிர்வீட்டு இளைஞரிடம், "முழு உடம்பாகத் தீயில் சேர வேண்டும் தம்பி, மூளியாக அனுப்பினால் அடுத்த பிறவியிலும் அந்தக் குறை தொடரும்" என்று கூறித் திருப்பி அனுப்பினேன். அதிலிருந்த முரண் எனக்கு உறைக்கவேயில்லை. கண்ணப்பர் உயிரோடு இருக்கையில் இறைவனுக்குக் கொடுத்தார், பிணத்திலிருந்து எடுப்பது வேறு என்று ஒரு வாதமும் கைவசம் வைத்திருந்தேன். சொற்பொழிவாளனுக்கு வாதத்துக்கா பஞ்சம்?

தெரியாமல் எதிர்த்தேன் என்றும் சொல்ல முடியாது. இன்றைய செக் நாட்டு ஓலோமோட்ஸ் நகரில் 1905-இல் எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலாகக் கருவிழி மாற்றுச் சிகிச்சையில் வெற்றி கண்டதையும், 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் 1945-இலேயே நாட்டின் முதல் கண் வங்கி அமைந்ததையும் துண்டுப் பிரசுரங்களில் படித்திருந்தேன். படித்து, மடித்து வைத்துவிட்டேன்.

என் தந்தையார் தம் 81-ஆம் வயதில், புழுக்கம் மிகுந்த ஒரு சித்திரை இரவில், இரண்டு மணியளவில் காலமானார். அழுகைக்கு நடுவே எழுந்துபோன அம்மா, பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் திருப்பி அனுப்பிய அதே இளைஞரிடம் அப்பா கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. உறுதிமொழி அட்டை இருந்தாலும் குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே, புரை அறுவை செய்த கண், கண்ணாடி போட்ட கண், சர்க்கரை நோய் வேறு, இது யாருக்கும் உதவாது என்றேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "அவர் கேட்டுக்கிட்டுப் போனது இது ஒண்ணுதான்ப்பா. உன் நியாயத்தை உன் கண்ணுக்கு வச்சுக்கோ" என்றார்.

நான்கு மணிக்குக் கண் வங்கியிலிருந்து இருவர் வந்தனர். எல்லோரையும் வெளியே இருக்கச் சொன்னபோது நான் மட்டும் மறுத்து, காவல் நிற்பவனைப்போல் கதவோரம் நின்றேன். அவர்கள் முதலில் செய்த காரியம், முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியதுதான். காற்றுப் பட்டால் கருவிழி உலர்ந்துவிடும் என்றும், இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்துத் தலையைச் சற்று உயர்த்தியிருந்தால் நல்லது என்றும், ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்றும் அவர்களில் மூத்தவர் தணிந்த குரலில் சொன்னார். அவர் எடுத்தது நான் நினைத்திருந்ததுபோல் முழுக் கண் அன்று; கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி மூடியிருப்பதுபோல் கண்ணின் கருமைக்கு மேல் மூடியிருக்கும், அரை மில்லிமீட்டர் தடிப்பே உள்ள ஒரு தெளிந்த படலம்; கருவிழி என்று அவர் சொன்னது அதைத்தான். அதில் இரத்தக் குழாய்களே இல்லை. வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. அதனால்தான் இரத்தப் பிரிவு பார்க்க வேண்டிய கட்டாயமின்றி ஒருவருடையதை மற்றவருக்கு வைக்க முடிகிறது. புரை விழுவது அதற்குப் பின்னால் இருக்கும் வில்லையில் என்பதால், என் மறுப்புகளில் ஒன்று அங்கேயே விழுந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இமைகளை மூடிவிட்டு அவர்கள் எழுந்தபோது அப்பா தூங்குவதுபோலவே இருந்தார். பிறகு உள்ளே வந்து அவர் முகத்தைத் தடவிய அக்கா, இன்னும் எடுக்கவில்லையா என்று என்னைக் கேட்டார்.

அன்றைக்கே என் கருத்து மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். சாத்திரம் என்று நான் பேசிக்கொண்டிருந்ததெல்லாம், அப்பாவின் முகத்தில் இரண்டு குழிகளைப் பார்க்க நேருமோ என்ற பயம்தான் என்பது மட்டும் அன்று புரிந்தது. கருமாதிக்கு முன்பாகக் கண் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இரண்டும் இருவருக்குப் பொருத்தப்பட்டன, பெயர்களைச் சொல்வதில்லை. சுந்தரர் இழந்த பார்வையில் இடக்கண்ணைக் காஞ்சியிலும் வலக்கண்ணைத் திருவாரூரிலும் பெற்றார் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அப்பாவின் கண்கள் இப்போது எந்தக் காஞ்சியில், எந்த ஆரூரில் விழித்திருக்கின்றனவோ என்று, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப்பின் கண்ணப்பர் கதை சொன்ன முதல் நாளில், நான் அந்த இளைஞரைத் திருப்பி அனுப்பியதையும் சேர்த்தே சொன்னேன். முதியவர்கள் சிலர் எழுந்து போனார்கள். அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை; அவர்களுக்கு அந்தக் காரணங்களைக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். அக்காவும் இன்றுவரை படிவத்தில் கையெழுத்திடவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் துக்கம் என்று செய்தி வந்தால், போனவுடன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வீட்டுப் பெரியவரைத் தனியே அழைத்துக் கேட்கிறேன். சம்மதித்தால் பஞ்சை நனைத்து வைக்கிறேன். வேண்டாம் என்றால் வாதாடுவதில்லை. விசிறியைத் திரும்பப் போட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.