வெளியீட்டுச் செலவை எழுதாத பட்ஜெட்

(புதுச்சேரியில் திரைப்பட ஆர்வலர்களும் இளம் இயக்குநர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, படம் எடுக்க வேண்டும் என்ற கனவோடும் எடுத்த படத்தை என்ன செய்வது என்ற கவலையோடும் இங்கே வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

சுயாதீனத் திரைப்படம் என்றால் அதன் கலையைப் பற்றி மட்டுமே பேசி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இன்று நான் அதன் பணத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தென் ஆற்காடு ஏரியாவில் விநியோகக் கணக்குகளோடு பழகியவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சிறு படங்களில் பெரும்பாலானவை வெளியான வெள்ளிக்கிழமை அன்று தோற்பதில்லை. பட்ஜெட்டைத் தாளில் எழுதிய அன்றே அவற்றின் தோல்வி எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தாளில் நடிகர் சம்பளம், கேமரா வாடகை, பேட்டா, சாப்பாடு, படத்தொகுப்பு, டி.ஐ. என்ற நிறத்திருத்தம், ஒலிக்கலவை எல்லாம் இருக்கும். ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது திரையிடத் தயாரான முதல் பிரதி, என்ற சொல்லோடு கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு தணிக்கை, விளம்பரம், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், ஊர் ஊராகச் செல்லும் செலவு ஆகியவற்றுக்கு ஒரு வரிகூட இருக்காது. கையில் இருந்த கடைசி ரூபாய் ஒலிக்கலவையில் தீர்ந்த பிறகுதான் தயாரிப்பாளர் வெளியீட்டைப் பற்றி நினைக்கத் தொடங்குகிறார். அந்த நேரத்தில் யார் பணம் தருகிறாரோ அவர் கேட்கும் கையெழுத்தை எல்லாம் போட வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். இந்திய அரசு 1998-இல் திரைப்படத்துக்குத் தொழில் தகுதி அளிப்பதாக அறிவித்தபோது, இனி வங்கிகள் கடன் தரும், கந்துவட்டி ஒழியும் என்று பலர் எழுதினார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அது ஓரளவு உதவியது. முதல் படம் எடுக்கும் ஓர் இளைஞருக்கு வங்கி இன்றும் வீட்டுப் பத்திரத்தைத்தான் கேட்கிறது; கதையை ஈடாக வைத்துக்கொள்ள வங்கியில் வழி இல்லை. ஆகவே அவர் ஃபைனான்சியரிடம் போகிறார். மாதத்துக்கு நூற்றுக்கு இரண்டு, மூன்று வட்டி என்பது இத்தொழிலில் யாரையும் வியப்பில் ஆழ்த்துவதில்லை. ஒரு கோடி ரூபாய்ப் படத்துக்கு 60 லட்சம் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வட்டியில் மாதம் 1,80,000 ரூபாய். கடன் வாங்கிய நாளிலிருந்து வெளியீடு வரை 20 மாதம் ஆனால் வட்டி மட்டும் 36 லட்சம்.

இந்த 36 லட்சத்தைத் திரையரங்கிலிருந்து எடுக்க எத்தனை பேர் படம் பார்க்க வேண்டும்? வரிகள் போக ஒரு டிக்கெட்டில் 100 ரூபாய் நிற்கிறது என்று தாராளமாகவே கணக்கிடுவோம். பாதி திரையரங்குக்குப் போனால் விநியோகஸ்தர் பங்கு 50 ரூபாய். அதில் நூற்றுக்குப் பத்து கமிஷன் போக, தயாரிப்பாளருக்கு மிஞ்சுவது 45 ரூபாய். அப்படியானால் வட்டியை அடைக்க மட்டும் 80,000 பேர் டிக்கெட் வாங்க வேண்டும். அசலுக்கு இன்னும் 1,33,000-க்கும் மேற்பட்டோர் வர வேண்டும். விளம்பரச் செலவை நான் இதில் சேர்க்கவே இல்லை. இவ்வளவு பேர் ஒரு சிறு படத்துக்கு வருவார்களா என்ற கேள்வியைத் திரைக்கதை எழுதும் மேசையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வரமாட்டார்கள் என்று தோன்றினால் கதையை மாற்றச் சொல்லமாட்டேன். கடனைக் குறையுங்கள், காலத்தைக் குறையுங்கள் என்றுதான் சொல்வேன்.

கடனைவிடக் கொடியது கடனுக்கு ஈடாக எழுதித் தரப்படும் உரிமை. பிலிம் சுருள் இருந்த காலத்தில் ஃபைனான்சியர் லேப் லெட்டர் வாங்கிக்கொள்வார்; அவர் சம்மதக் கடிதம் தராமல் லேபிலிருந்து பிரிண்ட் வெளியே வராது. இன்று பிரிண்டும் இல்லை, அந்த லேபும் இல்லை. ஆனால் திரையரங்கின் சர்வரில் படத்தைத் திறக்கும் கே.டி.எம். என்ற மின்னணுச் சாவி, கடன்காரர்கள் அனைவரும் ஒப்புதல் தந்த பிறகே அனுப்பப்படுகிறது. வெளியீட்டுக்கு முந்தைய வியாழக்கிழமை நள்ளிரவுப் பஞ்சாயத்துகள் இதனால்தான் நடக்கின்றன. படத்தின் மீது அதிகாரம் உள்ள ஒருவர் கடைசி நேரத்தில் கையெழுத்திட மறுத்தால், ஒட்டிய போஸ்டர்கள் எல்லாம் வீண்.

நிலம் வைத்திருப்பவர் பணம் தேவைப்படும்போது சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவை மட்டும் விற்பார். தோப்பையும் கிணற்றையும் குடியிருக்கும் வீட்டையும் ஒரே பத்திரத்தில் எழுதித் தரமாட்டார். நம் தயாரிப்பாளர்களோ எல்லாவற்றையும் ஒரே பத்திரத்தில்தான் எழுதித் தருகிறார்கள். திரையரங்கு, தொலைக்காட்சி, ஓ.டி.டி., வெளிநாடு, டப்பிங், ரீமேக், இசை எல்லாம் தனித்தனியே விற்கத்தக்க உரிமைகள். 'உலக நெகட்டிவ் உரிமை' என்ற ஒரே தொடரில் அத்தனையும் போய்விடுகின்றன. 99 ஆண்டு என்று எழுதும் பத்திரங்களும் உண்டு. படம் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள்தான் அதன் காப்புரிமைக் காலம் என்பதைக் கையெழுத்திடுபவர் அறிவதில்லை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவை ஒவ்வோர் இயக்குநரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். உரிமையைப் பெற்றவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, அந்த உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். இந்தக் கடைசி விதி சிறு தயாரிப்பாளருக்குக் கிடைத்த கவசம். அதை நீக்கும் ஒரு வாக்கியம் அச்சிட்ட ஒப்பந்தங்களில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து அடிக்கச் சொல்லுங்கள். இந்த அவையில் வழக்கறிஞர்கள் இருந்தால், ஊருக்கு ஒருவர் இந்த வேலைக்காக முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி விநியோகம். தென் ஆற்காடு மாவட்டம் 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்துவிட்டது. விநியோக உலகம் இன்றும் பழைய எல்லையையே வைத்திருக்கிறது. வட ஆற்காடும் தென் ஆற்காடும் செங்கல்பட்டும் சேர்ந்தது என்.எஸ்.சி. ஏரியா, புதுச்சேரியும் கடலூரும் அதில் அடக்கம். இந்த ஏரியாவை ஒருவர் அவுட்ரேட்டாக, அதாவது மொத்த விலைக்கு வாங்கினால் லாபநட்டம் அவருடையது. மினிமம் கியாரண்டி என்றால் ஒரு தொகையை உறுதியாகத் தந்து, அதற்கு மேல் வருவதைப் பங்கிடுவார். அட்வான்ஸ் என்றால் வசூல் குறைந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பெயர் பெற்ற நடிகர் இல்லாத படத்தை யாரும் மொத்த விலைக்கு வாங்குவதில்லை என்பதால், சிறு படம் கமிஷன் அடிப்படையில்தான் போகிறது. அப்போது எல்லாச் செலவும் தயாரிப்பாளர் தலையில். டிஜிட்டல் திரையிடலுக்கான வி.பி.எஃப். கட்டணமும் அவருடையதே. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை புதிய தமிழ்ப் படங்கள் எதுவும் வெளியாகாத, தயாரிப்பாளர்களின் அந்த வேலைநிறுத்தம் இக்கட்டணத்தை எதிர்த்துத்தான் தொடங்கியது. ஒரு பெரிய படத்துக்கு அது சிறு தொகை. காலை ஒரே ஒரு காட்சி கிடைக்கும் படத்துக்கு அது வசூலையே விழுங்கிவிடும் தொகை.

அப்படியிருக்க, சிறு படங்களும் ஏன் நூறு திரையில் ஒரே நாளில் வெளியாக வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்தது இந்தப் புதுச்சேரியில்தான். அவர் பெயரால் புதுச்சேரி அரசு சிறந்த தமிழ்ப் படத்துக்கு விருதும் வழங்கி வருகிறது. அவர் காலத்து நாடகக் கம்பெனிகள் ஓர் ஊரில் முகாமிட்டு, வாரக்கணக்கில் தங்கி, பார்த்தவர் வாய்ச்சொல்லால் அடுத்த நாள் கூட்டம் சேர, அங்கே சம்பாதித்ததைக் கொண்டு அடுத்த ஊருக்குப் போயின. சிறு படத்துக்கு இதுவே பொருந்தும் முறை. முதல் வாரம் புதுச்சேரி, கடலூர் இரண்டிலும் ஊருக்கு ஒரு திரை. காலைக் காட்சி வேண்டாம், மாலைக் காட்சி ஒன்று போதும். இரண்டாம் வாரம் சிதம்பரம், நெய்வேலி. பிறகு பண்ருட்டி, விருத்தாசலம், விழுப்புரம், திண்டிவனம். ஓர் ஊருக்கான விளம்பரச் செலவை முந்தைய ஊரின் வசூலிலிருந்து எடுக்கலாம். திரையரங்கு உரிமையாளர் இதற்கு எளிதில் சம்மதிக்கமாட்டார். அவருக்கும் மின்கட்டணமும் ஊழியர் சம்பளமும் இருக்கின்றன. ஆனால் ஒரு காட்சிக்குக் குறைந்தபட்சம் இத்தனை டிக்கெட் என்று முன்பதிவு காட்டினால் அவர் கதவைத் திறப்பார்.

அந்த முன்பதிவைச் சேர்ப்பதுதான் விளம்பரம் என்று நான் கருதுகிறேன். அறுபது அடி பேனரில் பெரிய படத்தோடு போட்டியிடுவது பணத்தைக் கடலில் கொட்டுவது. படம் யாரைப் பற்றியதோ அவர்களிடம் முதலில் போக வேண்டும். மீனவர் வாழ்க்கையைச் சொல்லும் படம் என்றால் வீராம்பட்டினத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் படப்பிடிப்பின்போதே போய்வந்திருக்க வேண்டும். வெளியீட்டு வாரத்தில் மட்டும் போஸ்டரோடு போய் நின்றால் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆசிரியர் சங்கம், மாதர் சங்கம், நூலக வாசகர் வட்டம், கல்லூரித் தமிழ்த் துறை ஆகிய இடங்களில் எல்லாம் ஆட்களைச் சேர்க்கும் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, படக்குழுவில் உதவி இயக்குநருக்கு நிகரான இடத்தைத் தர வேண்டும்.

திரைப்பட விழாக்கள் இந்த வேலையைச் செய்துவிடும் என்று நம்புவோர் பலர். விழா அழைப்பு பெருமைக்குரியது, கோவாவில் என்.எஃப்.டி.சி. என்ற தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2007 முதல் நடத்திவரும் ஃபிலிம் பஜார் போன்ற சந்தைகளில் கூட்டுத் தயாரிப்பாளரும் வெளிநாட்டு விற்பனையாளரும் கிடைப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. ஆனால் உள்ளூர்ப் பார்வையாளரை அது தானாகத் தந்துவிடாது. 'கூழாங்கல்' என்ற தமிழ்ப் படம் 2021-இல் ராட்டர்டாம் விழாவின் உயரிய டைகர் விருதைப் பெற்று, அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. தமிழ்நாட்டு மக்கள் அதைப் பார்க்க 2023 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் ஓ.டி.டி. தளத்தில்தான். அத்தகைய படத்துக்கே இந்த நிலை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஓ.டி.டி. நிறுவனங்கள் இப்போது திரையரங்கில் ஓடிய படத்தையே முதலில் கேட்கின்றன. பெயர் தெரியாத படத்துக்கு, பார்க்கப்படும் நேரத்துக்கு ஏற்பப் பணம் என்ற முறையையே முன்வைக்கின்றன. அதை நம்பி முன்கூட்டியே கடன் வாங்காதீர்கள்.

பொதுமக்களிடமிருந்து பணம் திரட்டலாமா என்று இங்கே சிலர் கேட்டீர்கள். 1976-இல் வந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் பால் கூட்டுறவு விவசாயிகள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் தந்தார்கள். பத்து லட்சம் ரூபாய் சேர்ந்தது பெரிதல்ல. 'எங்கள் படம்' என்று சொல்லிக்கொண்டு அவர்களே பார்க்க வந்தார்களே, அதுதான் பெரிது. ஆனால் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். லாபம் தருகிறேன், அசலைத் திருப்பித் தருகிறேன் என்று ஊரார் பணத்தை வாங்கினால், ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே வரும். தனியார் நிறுவனம் பங்கு தருவதென்றால் ஓர் ஆண்டில் 200 பேருக்கு மேல் அழைக்க முடியாது. நன்கொடையாகவோ, முன்கூட்டியே வாங்கும் டிக்கெட்டாகவோ பெறுவது பாதுகாப்பானது. சிறு குழுவினர் கூட்டு முதலீடு செய்வதானால் எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மை அமைத்துப் பங்கை எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.

புதுச்சேரியில் நின்று பேசும்போது பிரான்சைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் 10.72 விழுக்காடு சி.என்.சி. என்ற தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டும் இதற்கு விலக்கில்லை. அந்தப் பணம் பிரெஞ்சுப் படங்களுக்கு மட்டுமன்றி வெளிநாட்டுக் கூட்டுத் தயாரிப்புகளுக்கும் உதவுகிறது. 2024-இல் கான் விழாவில் கிராண்ட் பிரீ வென்ற 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' இந்தியா, பிரான்ஸ் உள்ளிட்ட நாடுகளின் கூட்டுத் தயாரிப்பு. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் கேளிக்கை வரி விதிக்கும் உரிமை உள்ளாட்சி அமைப்புகளுக்கு அரசமைப்பில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அவ்வரியில் ஒரு சிறு பகுதியைத் தனி நிதியாக வைத்து, சிறு படங்களின் வெளியீட்டுச் செலவுக்கு மட்டும் தருவதைச் சட்டப்பேரவை உள்ள இந்தச் சிறிய ஆட்சிப்பகுதியில் செய்து பார்க்கலாம். தயாரிப்புக்கு மானியம் தரும் திட்டங்கள் பல மாநிலங்களில் உள்ளன. வெளியீட்டுக்கு உதவும் திட்டங்கள் அரிது, தேவையோ அங்கேதான் மிகுதி.

அரசு செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கோடி கையில் இருந்தால் 75 லட்சத்துக்கு எடுக்கக்கூடிய கதையை எழுதுங்கள். மீதி 25 லட்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, இயக்குநர் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு எடுக்க முடியாதபடி வையுங்கள். இந்த அவையில் உள்ள அமைப்புகள் ஆண்டுக்கு நான்கு படங்களைத் தேர்ந்தெடுத்து, புதுச்சேரியிலிருந்து விருத்தாசலம் வரை நான் சொன்ன வழியில் திரையிடும் பொறுப்பை ஏற்கலாம். ஒவ்வொரு காட்சிக்கும் டி.சி.ஆர்., அதாவது அன்றாட வசூல் அறிக்கை, மறுநாள் காலை பத்து மணிக்குள் தயாரிப்பாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும், திரையரங்குப் பங்கு போக மீதித் தொகை வாரம் முடிந்த ஏழு நாளுக்குள் அவர் கணக்கில் வரவாக வேண்டும் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவோம். அதற்கான வரைவு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன்; கூட்டம் முடிந்ததும் மேசையருகே வாருங்கள், ஒவ்வொரு விதியாகப் பார்த்துத் திருத்துவோம்.