பெயர்ப்பலகையும் மருந்துக் கிடங்கும்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

மாநிலக் கட்சி அரசியல் மக்களின் மருத்துவத்தை எப்படி வடிவமைக்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் நிற்கும் அந்த வட்டக் கட்டடத்திலிருந்தே தொடங்குகிறேன். 2010 மார்ச்சில் தி.மு.க. ஆட்சியில் அது புதிய தலைமைச் செயலகமாகத் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ஆட்சி அ.தி.மு.க.வுக்கு மாறியது. புதிய அரசு பழைய கோட்டைக்கே திரும்பிப் போயிற்று. அமைச்சர்களுக்காக எழுப்பிய கட்டடம் 2014 பிப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மறுபடியும் திறக்கப்பட்டது. 2021-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, கட்டியவர்கள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. கேட்டால் எந்த நோயாளியை எழுப்பி அனுப்புவது? அவர்கள் கிண்டியில் தங்கள் தலைவர் பெயரில் வேறொரு மருத்துவமனையை 2023-இல் திறந்தார்கள். ஆக, கட்சிப் பகையால் இந்த நகரத்துக்குச் சில படுக்கைகள் கூடுதலாகக் கிடைத்திருக்கின்றன என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாப் பகையும் இப்படி முடிவதில்லை. 1999-இல் தொடங்கிய ‘வருமுன் காப்போம்’ மருத்துவ முகாம்கள் ஆட்சி மாறியதும் நின்றன. பின்னர் 2021-இல் தலைவர் பெயரை முன்னொட்டாகச் சூடிக்கொண்டு வந்தன. 2020 டிசம்பரில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில், 2,000 அம்மா மினி கிளினிக்குகள் அறிவிக்கப்பட்டன. 2022 ஜனவரியில் அவை இல்லை. அவற்றுக்கெனத் தனிக் கட்டடமும் நிரந்தர ஊழியரும் இல்லாததால் மூடுவது எளிதாக இருந்தது என்பது உண்மை. எனினும் அங்கே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்த பாட்டிக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன்? காப்பீட்டுத் திட்டத்தின் கதை சற்று வேறு. 2009-இல் கலைஞர் பெயரில் வந்த திட்டம் 2012-இல் ‘முதலமைச்சரின் விரிவான’ திட்டமாக மாறியது. பதவியின் பெயரே திட்டத்தின் பெயராகிவிட்டதால், யார் முதலமைச்சராக வந்தாலும் அதில் அமர்ந்துகொள்ளலாம். 2021-க்குப் பிறகு அந்தப் பெயரை மாற்ற வேண்டிய தேவையே எழவில்லை. ஆந்திரத்தில் இந்த உபாயம் யாருக்கும் தோன்றவில்லை போலும். ஆரோக்கியஸ்ரீ என்ற காப்பீட்டுத் திட்டம் அங்கே ஆட்சிக்கு ஆட்சி ஒய்.எஸ்.ஆர். பெயருக்கும் என்.டி.ஆர். பெயருக்கும் இடையே ஊசலாடுகிறது.

இதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. தலைவர் பெயர் ஒட்டாத திட்டத்தை எதிர்க்கட்சியால் கிழித்தெறிய முடிவதில்லை. அதைவிடக் கூடுதலாகக் கொடுக்கத்தான் முடிகிறது. மகப்பேறு நிதியுதவியைப் பாருங்கள். அது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் இருக்கிறது. அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்ட அந்த அம்மையாரை எந்தக் கட்சி வேண்டாம் என்று சொல்லும்? 2006-இல் தி.மு.க. அரசு அந்த உதவியை 6,000 ரூபாயாக உயர்த்தியது, 2011-இல் அ.தி.மு.க. அரசு 12,000 ஆக்கியது. 2018-இல் அது 18,000 ஆயிற்று. 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. அதன் பெயர் வெறும் எண். எண்ணுக்குக் கட்சி கிடையாது. அடுத்து வந்தவர்கள் வண்டிகளைக் கூட்டினார்களே தவிர நிறுத்தவில்லை.

பெயரே வெளியே தெரியாத ஓர் அமைப்பு இன்னும் உறுதியாக நின்றிருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அ.தி.மு.க. ஆட்சியில் உருவானது. 1996 முதல் 2021 வரை ஐந்து முறை ஆட்சி கைமாறியும் அது கலையவில்லை. சென்ற ஆண்டு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருந்தாளுநர் ஒருவர் எனக்கு ஒரு பாஸ்புக்கைக் காட்டினார். வங்கிப் புத்தகம் போலத்தான் இருந்தது. அந்த நிலையத்துக்கு ஒதுக்கிய தொகை, கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து எடுத்த மருந்து, மீதி என வரிசையாக எழுதியிருந்தது. எந்த மாத்திரை தேவை என்பதைக் கிடங்கு முடிவு செய்வதில்லை. நிலையமே முடிவு செய்கிறது. ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி, ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே மருந்தைக் கிடங்கிலிருந்து வெளியே விடுகிறார்கள். இடையில் புகுந்து கமிஷன் பார்க்க நினைப்பவருக்கு இதில் வழி குறைவு. இதே முறையைக் கேரளமும் ராஜஸ்தானும் பின்பற்றின. ராஜஸ்தானில் காங்கிரஸ் அரசு 2011 அக்டோபர் 2 அன்று தொடங்கிய இலவச மருந்துத் திட்டம் இந்த அடித்தளத்தின் மீதே நின்றது.

விளைவும் கண்ணுக்குத் தெரிகிறது. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 2001-03 கணக்கில் தமிழ்நாட்டில் 134, 2018-20இல் 54. அதே காலத்தில் இந்தியச் சராசரி 301-இலிருந்து 97-க்கு வந்தது. இதற்கான பெருமையை இரு கட்சிகளும் மேடைதோறும் தத்தமக்கே எடுத்துக்கொள்கின்றன. என் கணக்கில் அதில் பெரும்பங்கு, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறைபோட்டு நின்ற மூன்று செவிலியர்களுக்கும், ஒவ்வொரு தாய் இறப்பையும் மாவட்ட ஆட்சியர் முன் வைத்து ‘எங்கே தாமதமானது’ என்று விசாரிக்கும் தணிக்கை முறைக்கும் உரியது. இவற்றுக்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பதாலேயே இவை தப்பித்தன.

ரிப்பன் வெட்ட முடியாதவற்றின் மறுபக்கமும் உண்டு. செலவு கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கே ஓடுகிறது. கட்டடம் வரும், கருவி வரும். அதை இயக்குபவரின் பணியிடம் காலியாக இருக்கும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் நம் மாநிலத்துப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சையால் நடந்ததாகத் தெரிந்தது. எந்தத் தேர்தல் கூட்டத்திலாவது அந்த எண்ணை ஒருவர் உச்சரித்துக் கேட்டிருக்கிறீர்களா? அதைக் குறைப்பேன் என்று வாக்குறுதி தருபவருக்கு ஓட்டு விழாது.

சர்க்கரை நோயும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போகிறது. நல்ல ஏற்பாடு, பெயரிலும் தலைவர் இல்லை. ஆனால் அங்கே எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பது உரக்கச் சொல்லப்படும் அளவுக்கு, எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்பது சொல்லப்படுவதில்லை. ஒரு தாய் இறந்தால் ஆட்சியர் கேட்கிறார். சர்க்கரை முற்றி ஒரு விவசாயியின் காலை வெட்டியெடுத்தால், எங்கே தாமதமானது என்று கேட்க இன்னும் எந்தக் கூட்டமும் கூடுவதில்லை.